கை மாறி வந்த சம்பங்கிக் கிழங்கு



போன வாரம் எங்கள் வீட்டுச் சம்பங்கிப் பாத்தியின் படத்தைப் போட்டிருந்தேன். அதன் கீழே நாலைந்து பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். "டீச்சர், ஒரகடத்தில் வீடு கட்டிக் குடி வந்துவிட்டோம். வாசலில் கொஞ்சம் மண் இருக்கிறது. எந்தப் பூக்கிழங்கு வைக்கலாம், எப்படி வைக்கலாம்?" வல்லத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளை, தொட்டியில் வருமா என்று கேட்டிருக்கிறாள். என் தம்பி மகன் ஆன்லைனில் வந்த டூலிப் கிழங்கு பாக்கெட் படத்தை அனுப்பி, "அத்தை, இது நல்லதா?" என்கிறான்.

எல்லாருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதற்குப் பதில் ஒரே பாடமாக எழுதுகிறேன். வரலாறு எடுத்தவள் ஆயிற்றே, கிழங்கை எப்படி நடுவது என்று சொல்வதற்கு முன்னால் அது எப்படி இங்கே வந்தது என்று சொல்லாமல் இருக்க முடியாது. அவசரக்காரர்கள் கடைசியில் உள்ள நடவு முறையை மட்டும் படித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் காப்பி போட்டு வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருப்பதைக் குமிழம் என்றும், மற்றதைக் கிழங்கு என்றும் தாவரவியல் புத்தகம் பிரிக்கும். நம் வீடுகளில் எல்லாமே கிழங்குதான். நானும் அப்படியே சொல்கிறேன். நம் கதைக்கு வேண்டியது ஒன்றுதான். மண்ணுக்கு மேலே இலையும் தண்டும் காய்ந்து போனாலும் உயிரை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்கிற செடிகள் இவை. பல மாதம் தண்ணீர் இல்லாமல் இருக்கும். தோண்டி எடுத்துச் சாக்கில் போட்டாலும் சாகாது. அதனாலேயே இவை நெடுந்தூரம் பயணம் போயின.

*

காஞ்சிபுரம் நமக்குப் பக்கத்து ஊர். பல்லவர்களைப் பற்றி நடத்தும்போது மாமல்லபுரம், கைலாசநாதர் கோயில் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஆனால் பல்லவர் காலச் செப்பேடுகளில் வரும் வரிகளின் பட்டியலைப் பார்த்தால் நம் விஷயம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. அதில் 'குவளை நடுவரி' என்று ஒன்று வருகிறது. 'குவளைக் காணம்' என்று இன்னொன்று. குவளைப் பூவை நடுவதற்கு ஒரு வரி, அதை விற்பதற்கு ஒரு கட்டணம் என்று அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். குவளை என்பது குளத்துச் சேற்றில் கிழங்கு ஊன்றி வளரும் நீர்ப்பூ. அரசாங்கம் வரி போடுகிறது என்றால் அதில் வருமானம் இருந்தது என்று அர்த்தம். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே இந்தப் பக்கத்தில் பூக்கிழங்கு நடுவது ஒரு தொழில்.

அது நடந்ததற்கு இடமும் பொருத்தம்தான். நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மணிமங்கலம், செம்பரம்பாக்கம் என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரு ஏரிக்கரை. தாமரையும் அல்லியும் குவளையும் கோடையில் கிழங்காகச் சேற்றில் கிடந்து, தண்ணீர் வந்ததும் மேலே வரும்.

கரைக்கு மேலே, வேலியிலும் புதரிலும் ஏறுவது செங்காந்தள். நம் மாநில மலர் என்று எல்லாரும் ஒரு மதிப்பெண் கேள்விக்குப் படித்திருப்பீர்கள். கபிலர் எழுதிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பட்டியல் வருகிறது. அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது காந்தள்தான். முருகனுக்கு உரிய பூவாகவும் பழைய பாட்டுகள் அதைச் சொல்கின்றன. பெண்களின் விரலுக்கு அதை உவமையாக்கியவர்கள் நம் புலவர்கள். பூ பச்சையாக விரிந்து, மஞ்சளாகி, பிறகு நெருப்புப் போலச் சிவக்கும்.

அதே செடியின் கிழங்குக்கு ஊரில் கண்வலிக்கிழங்கு என்று பெயர், கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் சொல்வார்கள். கொடிய விஷம். கால்ச்சிசின் என்ற நச்சுப்பொருள் அதில் இருக்கிறது. அளவோடு கொடுத்தால் அதுதான் யூரிக் ஆசிட் மூட்டுவலிக்கு மருந்து. அதற்காகவே மூலனூர், தாராபுரம் பக்கமும் வேதாரண்யம் பக்கமும் இதைப் பந்தல் போட்டுப் பயிர் செய்து விதையை விற்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் இது இயற்கையாக வளர்கிறது, ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே.

ஆக, காந்தளும் குவளையும் யார் கொண்டுவந்தும் வந்தவை அல்ல. நாம் நட்டாலும் நடாவிட்டாலும் இங்கே இருந்தவை. சம்பங்கியின் கதை வேறு.

*

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் பிறந்தது 1017. பூந்தோட்டக் கைங்கரியத்தை அவர் எவ்வளவு பெரிதாக நினைத்தார் என்பதற்கு அனந்தாழ்வான் கதையைச் சொல்வார்கள். குருவின் சொல்லைக் கேட்டுத் திருமலைக்குப் போய், அங்கே பெருமாளுக்கு நந்தவனம் அமைத்தவர் அவர். இன்றைக்கு ஆதிகேசவப் பெருமாள் கோயில் வாசலில் விற்கிற மாலையில் சம்பங்கி இல்லாத மாலை எத்தனை? அப்படியானால் ராமானுஜர் காலத்து மாலையிலும் சம்பங்கி இருந்திருக்குமா?

இருந்திருக்க முடியாது. துளசி இருந்திருக்கும். மல்லிகை, முல்லை, தாமரை, சண்பகம் எல்லாம் இருந்திருக்கும். நாம் மாலை கட்டும் இந்த நிலச்சம்பங்கியை மட்டும் அன்றைக்கு இந்த நாட்டில் ஒருவரும் பார்த்ததே கிடையாது. அது மெக்சிகோவின் செடி.

கொலம்பஸ் 1492, வாஸ்கோடகாமா 1498 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்களே, அந்த இரண்டு வருஷங்களுக்குப் பிறகுதான் இந்தப் பூ இந்தப் பக்கம் வரும் வழியே திறந்தது. மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்கள் இதை 'ஓமிசோச்சிட்ல்' என்று அழைத்தார்கள். எலும்புப் பூ என்று பொருள். அந்த வெள்ளையும் மெழுகு போன்ற பளபளப்பும் அவர்களுக்கு எலும்பை நினைவூட்டியிருக்கிறது. 1521-ல் ஸ்பானியர்கள் அவர்கள் தலைநகரைப் பிடித்தார்கள். தங்கமும் வெள்ளியும் கப்பல் ஏறிய கதை பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், இந்தப் பூக்கிழங்கு ஆகியவையும் கப்பல் ஏறின.

ஐரோப்பாவில் இந்தக் கிழங்கு கை மாறியதற்குப் பெயரோடு சாட்சி இருக்கிறது. ஸ்பெயினின் செவில் நகரத்தில் சிமோன் தெ தோவார் என்ற மருத்துவர் தோட்டம் வைத்திருந்தார். 1594 வாக்கில் அவர் இந்தக் கிழங்கை கரோலஸ் கிளூசியஸ் என்ற தாவர அறிஞருக்கு அனுப்பினார். கிளூசியஸ் 1601-ல் வெளியிட்ட தன் நூலில் இதைப் பற்றி எழுதினார்.

இந்தக் கிளூசியஸ்தான் 1593-ல் ஹாலந்தின் லெய்டன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு வந்து அங்கே டூலிப் நட்டவர். அவர் கிழங்கை விற்க மறுத்ததால் ராத்திரியில் வந்து திருடிக்கொண்டு போனார்கள் என்றும், ஹாலந்து முழுக்க டூலிப் பரவியதற்கு அந்தத் திருட்டும் ஒரு காரணம் என்றும் சொல்வார்கள். பிறகு அங்கே ஒரு கிழங்கின் விலை வீட்டு விலைக்கு ஏறி, 1637 பிப்ரவரியில் ஒரேயடியாகச் சரிந்தது. பங்குச்சந்தை பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் அந்த டூலிப் பைத்தியத்தை உதாரணம் காட்டுகிறார்கள். சம்பங்கிக்கு அப்படி ஒரு பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் பிரான்ஸின் பதினான்காம் லூயி தன் திரியனோன் மாளிகையைச் சுற்றி இதை ஏராளமாக நட்டு, வாசனை தாங்காமல் அரசனும் கூட இருந்தவர்களும் எழுந்து போக வேண்டியிருந்தது என்று அக்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் இரண்டு கதிர் பூத்தாலே ராத்திரி ஜன்னல் வழியாக வாசனை வருகிறது, ஆயிரக்கணக்கில் நட்டால் என்ன ஆகும்?

ஆசியாவுக்கும் ஐரோப்பியர் கப்பல்களோடுதான் இது வந்தது. டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த ரும்ஃபியஸ் என்பவர் இந்தோனேசியாவின் அம்போன் தீவில் 1654 முதல் 1702-ல் இறக்கும்வரை இருந்தார். நடு வயதிலேயே கண் பார்வை போய்விட்டது, அதற்குப் பிறகும் விடாமல் அந்தத் தீவுகளின் செடிகளைப் பற்றிப் பெரிய நூலை எழுதி முடித்தார். அதில் இந்தப் பூவுக்கு அவர் கொடுத்த லத்தீன் பெயர் 'அமிகா நொக்டுர்னா', அதாவது இரவுத் தோழி. கண் தெரியாத மனிதர் வாசனையால் மட்டும் அறியக்கூடிய ஒரு பூவுக்குக் கிடைத்த அந்தப் பெயர் எனக்கு மிகவும் பிடித்தமானது. இப்போது தாவரவியலாளர்கள் சம்பங்கியைக் கற்றாழைக்கு உறவான அகேவ் குடும்பத்துப் பேரினத்தில் சேர்த்து 'அகேவ் அமிகா' என்கிறார்கள். அந்தத் தோழி பெயரிலேயே தங்கிவிட்டாள். ரும்ஃபியஸ் வேலை பார்த்த அதே கம்பெனிதான் நம் பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கோட்டை கட்டியது என்பதையும் நினைவில் வையுங்கள்.

*

வந்த பூவுக்கு நம்மவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள். சண்பகம் மரத்தில் பூக்கும் பழைய வாசனைப்பூ. அதன் பெயரின் ஜாடையிலேயே சம்பங்கி. தரையிலிருந்து கதிர் விட்டுப் பூப்பதால் நிலச்சம்பங்கி. தெலுங்கிலும் இதே முறையில் நேல சம்பெங்க என்றுதான் சொல்கிறார்கள். கடலை என்ற பழைய பெயரோடு 'நில'த்தைச் சேர்த்து நிலக்கடலை என்றோம், அதுவும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். மிளகை வைத்து மிளகாய் என்றோம். வாழையை வைத்துக் கல்வாழை என்றோம், அதன் கதையும் பின்னால் வருகிறது. வெளியிலிருந்து வந்தவர்களுக்கு நம் வீட்டு உறவுமுறையைச் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் மாதிரியே இது. இரண்டு மூன்று தலைமுறை போனால் யாருக்கும் அது வெளியூர் என்றே தோன்றாது.

கன்னடத்தில் இது சுகந்தராஜ. வங்காளத்திலும் வடக்கிலும் ரஜனிகந்தா, இரவின் மணம். வங்காளிக் கல்யாணத்தில் ரஜனிகந்தா இல்லாமல் அலங்காரமே கிடையாது. நம் ஊரில் கல்யாண மாலைக்கும் சம்பங்கி, சாமி மாலைக்கும் சம்பங்கி, இறுதி ஊர்வலத்து மாலைக்கும் சம்பங்கி.

இதில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் ஒன்று. இன்றைக்கு உலகத்தில் எந்தக் காட்டிலும் தானாக வளரும் செடியாகச் சம்பங்கி அறியப்படவில்லை. அது பிறந்த மெக்சிகோவில்கூட மனிதர் நட்ட செடிதான் இருக்கிறது. ஒற்றை அடுக்குப் பூவில் விதை பிடிக்கும் என்றாலும், விவசாயியோ வீட்டுப் பெண்களோ யாரும் விதையை நம்புவதில்லை. தாய்க்கிழங்கைச் சுற்றி வரும் பக்கக்கிழங்கைப் பிரித்து நடுவதுதான் வழக்கம். அப்படியானால் உங்கள் வாசலில் இருக்கும் சம்பங்கி, யாரோ கொடுத்த கிழங்கின் துண்டு. அவருக்கு வேறு யாரோ கொடுத்தது. இப்படியே பின்னால் போனால் அது கப்பல் ஏறி, கடல் தாண்டி, ஆஸ்டெக் தோட்டத்தில் போய் நிற்கும். நடுவில் எங்காவது ஒருவர் "எனக்கெதற்கு" என்று விட்டிருந்தால் அந்தக் கிளை அங்கேயே முடிந்திருக்கும். காந்தளுக்கு மனிதர் தேவையில்லை. சம்பங்கிக்குத் தேவை.

*

இதை நம் ஊர்களோடு வைத்துப் பார்க்கிறேன்.

1996-ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டியது. 1998-ல் அங்கிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அப்போது பள்ளியில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும், வகுப்பில் பாதிப் பேர் அந்தக் கார் படத்தை நோட்டில் வரைந்து வைத்திருந்தீர்கள். 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014-ல் மூடிவிட்டுப் போனது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. பிறகு போன் கம்பெனிகள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைத் திறந்தார்கள். என் மாணவ மாணவியர் பலர் இந்தக் கம்பெனிகளில்தான் வேலை பார்க்கிறீர்கள். நிலம் போனதைப் பற்றி மட்டும் பேசி, அதனால் வந்த சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் இருந்தால் அது நியாயமான வரலாறு ஆகாது. எத்தனை வீட்டில் முதல் பட்டதாரி, எத்தனை வீட்டில் முதல் மாடி என்று எனக்குத் தெரியும்.

ஆனால் நிலத்துக்கு விலை பேசும்போது கணக்கில் வராதவை சில உண்டு. என் நாத்தனார் குடும்பத்து நிலமும் தோட்டமும் ஒரு தொழிற்பேட்டைக்குப் போனது. கிணற்றை எண்ணினார்கள், தென்னையை எண்ணினார்கள், மாமரத்தை எண்ணினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு தொகை வந்தது. துணி துவைக்கும் கல்லை ஒட்டி அவர் மாமியார் காலத்திலிருந்து இருந்த சம்பங்கிப் பாத்தியை யாரும் எண்ணவில்லை, எண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. வீடு மாறும்போது அவர் பாத்திரங்களை ஒரு சாக்கிலும், சம்பங்கிக் கிழங்கை இன்னொரு சாக்கிலும் கட்டி எடுத்துக்கொண்டு படப்பைப் பக்கம் வந்தார். போகிற வழியில் எங்கள் வீட்டில் இறங்கி ஒரு முறம் நிறையக் கொடுத்துவிட்டுப் போனார். நீங்கள் படத்தில் பார்த்த பாத்தி அதுதான். அவர் இப்போது இல்லை. பழைய தோட்டம் இருந்த இடத்தில் கம்பெனிச் சுவர் இருக்கிறது. பூ மட்டும் அதே பூ, ஒரு அணுவும் மாறாமல்.

எங்கள் தெருக்கோடியில் லைன் வீடுகளில் ஒடிசா, ஜார்கண்ட், வங்காளப் பிள்ளைகள் தங்கியிருக்கிறார்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து விடிகாலையில் நடந்து வருவார்கள். அதில் ஒரு பெண் ஒரு நாள் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று, "ரஜனிகந்தா, ரஜனிகந்தா" என்றாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வங்காளி தெரியாது. இரண்டு கதிர் அறுத்துக் கொடுத்தேன். அடுத்த தடவை கிழங்கும் கொடுத்தேன், ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் வைத்திருக்கிறாள். எலும்புப் பூ என்று பெயர் வைத்தவர்களிடமிருந்து கிளம்பி வந்த செடி, ஒரகடத்தில் தமிழச்சி கையிலிருந்து வங்காளிப் பெண் கைக்குப் போயிருக்கிறது. இதற்கு வரலாறு என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பது?

*

சரி, இனி நடவு. கேட்டவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த ரகம்? மாலை கட்டவும் வாசனைக்கும் ஒற்றை அடுக்குச் சம்பங்கி. ஜாடியில் வைத்து அழகு பார்க்க இரட்டை அடுக்கு. வாசனை ஒற்றை அடுக்கில்தான் தூக்கல். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் நல்ல ரகங்களைக் கொடுத்திருக்கிறது. ஒற்றை அடுக்கில் சிருங்கார், பிரஜ்வல் இரண்டும் பேர் பெற்றவை. பிரஜ்வல், சிருங்காரையும் மெக்சிகன் சிங்கிளையும் சேர்த்து எடுத்தது. மொட்டு லேசான ரோஸ் நிறமாக இருந்து, விரிந்தால் வெள்ளை. சத்தியமங்கலம் பக்கம் ஏக்கர் கணக்கில் சம்பங்கி போடுகிறார்கள், அங்கே தெரிந்தவர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டுக் கிழங்கே போதும்.

எந்தக் கிழங்கு? கையில் எடுத்தால் கனமாக, கெட்டியாக இருக்க வேண்டும். நடு பெருத்து இரண்டு பக்கமும் ஒடுங்கிய வடிவம், 2 முதல் 3 சென்டிமீட்டர் பருமன், 25 முதல் 30 கிராம் எடை. அழுத்தினால் மெத்தென்று இருப்பது, அடியில் கறுத்தது, ஓட்டை விழுந்தது வேண்டாம். பெரிதாக இருக்கிறதே என்று பூத்து முடிந்த தாய்க்கிழங்கை எடுக்காதீர்கள். ஒரு தடவை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது, அதைச் சுற்றி வந்த பிள்ளைக்கிழங்குதான் பூக்கும். ரொம்பச் சின்னது பூக்க இன்னும் ஒரு வருஷம் எடுக்கும். தோண்டிய உடனே நடவும் கூடாது. வேரைக் கிள்ளிவிட்டு நிழலில், காற்றோட்டமாக ஒரு மாதம் போட்டு வையுங்கள்.

எப்போது? ஆனி, ஆடி. ஜூன், ஜூலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழை வருவதற்குள் வேர் பிடித்துவிட வேண்டும். நம் பக்கத்துக்கு இது முக்கியம்.

எந்த மண்? இங்கேதான் நம் ஊரின் பிரச்சினை. ஒரகடம், வல்லம், படப்பையில் பிளாட் போட்ட இடமெல்லாம் முன்னே வயல், ஏரிப் பாசனம். அதன் மேல் சவுடு கொட்டி மேடாக்கி, வீடு கட்டிய ஜல்லியும் சிமென்ட்டும் கலந்து கிடக்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். சம்பங்கிக்கு வெயில் தாங்கும், பஞ்சம் தாங்கும், தேங்கிய தண்ணீர் மட்டும் தாங்காது, அழுகிவிடும். அதனால் ஒரு முழம் ஆழம் தோண்டி ஜல்லியைப் பொறுக்கிவிட்டு, செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் கலந்து நிரப்பி, தரையை விட அரை அடி உயர்த்திப் பாத்தி கட்டுங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் விழ வேண்டும்.

எப்படி? கூர்மையான முனை மேலே இருக்கும்படி, கிழங்கு மறைந்து அதன் மேல் இரண்டு விரல் மண் வரும் ஆழம். கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டர், வரிசைக்கு வரிசை 45. நட்ட உடனே ஒரு தண்ணீர், முளை வரும்வரை ஈரம் மட்டும் இருந்தால் போதும். மூன்று நாலு மாதத்தில் கதிர் வரும். தொட்டி என்றால் பத்து அங்குலத் தொட்டியில் மூன்று கிழங்கு வைக்கலாம், அடியில் ஓட்டை அவசியம். வாடகை வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செடி கிடையாது. வீடு மாறினால் கிழங்கை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

வேரில் முடிச்சு முடிச்சாக வந்து செடி குன்றினால் அது நூற்புழு. வேப்பம் பிண்ணாக்கு இடுங்கள், பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி வையுங்கள். செண்டுமல்லியின் வேர் அந்தப் புழுவை அடக்கும். செண்டுமல்லியும் மெக்சிகோதான், ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் உதவி. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை இலை பழுக்கும் சமயத்தில் தோண்டிப் பிரித்து வேறு இடத்தில் நட வேண்டும். அப்படியே விட்டால் நெருக்கத்தில் பூ குறைந்துவிடும்.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் கல்வாழை வையுங்கள், நம் பாட்டிமார் அங்கேதான் வைத்தார்கள். அதன் தாவரப் பெயரில் இண்டிகா என்று வரும், ஆனால் அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடியே. மழை லில்லி வாசல் ஓரத்துக்கு நல்லது, ஒரு மழை பெய்தால் இரண்டு மூன்று நாளில் பூக்கும், கவனிப்பே வேண்டாம். செங்காந்தள் வைக்க ஆசைப்பட்டால், கலப்பைக் கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது, அது ஒடிந்தால் அவ்வளவுதான். படுக்கை வாட்டில் வைத்து, ஏறுவதற்கு வேலி கொடுங்கள். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தையோ ஆடு மாடோ இருக்கும் வீட்டில் வைக்கவே வேண்டாம். சர்க்கரைவள்ளி என்று எண்ணி வாயில் வைத்தால் உயிருக்கு ஆபத்து.

தம்பி மகனே, டூலிப் வேண்டாம். அதற்குப் பல வாரம் கடுங்குளிர் வேண்டும். ஸ்ரீநகரில் உள்ள டூலிப் தோட்டம் ஓஹோ என்று இருக்கிறதென்றால் அங்கே பனி பெய்கிறது. இங்கே ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து ஒரு தடவை பூக்க வைக்கலாம், அடுத்த வருஷம் ஒன்றும் வராது. அந்தக் காசுக்கு இரண்டு மூட்டை தொழு உரம் வாங்கு.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பழைய வீட்டையோ மனையையோ விற்பதாக இருந்தால், பத்திரம் எழுதுவதற்கு முன்னால் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்கள். அம்மா வைத்தது, பாட்டி வைத்தது ஏதாவது கிழங்கு மண்ணுக்குள் இருக்கும். கோடையில் மேலே ஒன்றும் தெரியாது, காய்ந்த இலை ரெண்டு கிடந்தால் அதன் கீழே தோண்டுங்கள்.

எங்கள் பாத்தியை இந்த வைகாசியில் தோண்டிப் பிரிக்கப் போகிறேன். ஒரு மாதம் நிழலில் காய்ந்த பிறகு ஆனி முதல் ஞாயிற்றுக்கிழமை தருகிறேன். வேண்டுகிறவர்கள் கமெண்டில் சொல்லிவிட்டு, மஞ்சள்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள். ஆளுக்குப் பத்துக் கிழங்கு, காசு கிடையாது. ஒரே நிபந்தனை: மூன்றாம் வருஷம் நீங்கள் தோண்டும்போது, இன்னும் இரண்டு பேருக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாறு டீச்சர்